டைகர் குடித்த தண்ணீர்

2001-இல் எங்கள் நாய் டைகருக்குப் பதினான்கு வயது. இரண்டு கண்ணிலும் புரை. "கிட்னி வீக்கு பெரியவரே. நெறைய தண்ணி குடிச்சாதான் பொழைக்கும்" என்றார் மாட்டு டாக்டர். வீட்டுத் தண்ணீரை அது தொடவில்லை. தினமும் வெளியே போய், தாடை சொட்டச் சொட்டத் திரும்பியது.

ஒருநாள் பின்னாலேயே போனேன். இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் விற்ற நிலத்தில், கிணற்றைத் தூர்த்து லாரி நிறுத்தச் சிமெண்டுத் தரை போட்டிருந்தார்கள். டைகர் குட்டியாய் இருந்தபோது கிணற்றடியில் குடித்த அதே இடத்தில் குனிந்து, சளக் சளக்கென்று குடித்தது.

அடுத்த வாரம் பின்கால்கள் விழுந்துவிட்டன. சொம்போடு நானே போனேன். தரை காய்ந்து கிடந்தது.

"இன்னாய்யா, கவுறு எடுத்துகினு போனியா?" என்றாள் என் சம்சாரம் ராஜாமணி.

"இல்லையே."

"கெணத்துக்குக் கவுறு இல்லாம போவானா மனுசன்?"

மறுநாள் கயிறும் வாளியுமாய்ப் போய்வந்தேன். டைகர் அரை வாளி குடித்தது. பன்னிரண்டு முழக் கயிறு காயத்தான் இரண்டு நாள் ஆயிற்று.