ஒரே ஒரு தும்மல்

ரத்தப் புற்றுநோய் ஆய்வகத்தின் வாயிற்காவலர் தும்மினார். மாடியிலிருந்த தலைமை விஞ்ஞானி அம்மையார் போர்வையும் வெந்நீருமாக இறங்கி ஓடி வந்தார்.

"மழையில நிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது, அண்ணே? நாளைக்குக் கடைசிப் பரிசோதனை. உங்களுக்குக் காய்ச்சல் வந்தா என் பதினொரு வருஷ ஆராய்ச்சியும் போச்சு."

"ஒரே ஒரு தும்மல்தான், டாக்டரம்மா."

"பேசாம போய்ப் படுங்க. காலையில ரத்தம் எடுக்கணும்."

அன்றுதான் பணியில் சேர்ந்த தட்டச்சுப் பெண்ணுக்குக் கண் கலங்கிற்று. "பாவம், அவருக்கு ரத்தப் புற்றுநோயா, மேடம்?"

"வாயைக் கழுவும்மா. நோயாளிங்க ரத்தத்தோட ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ரத்தம் கொடுக்கிறதே அவர்தான்."

"ஏன், நீங்கள்லாம் கொடுக்கக் கூடாதா?"

அம்மையார் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க ஆராய்ச்சிக் குழுவில ஆறு பேருக்கும் ரத்தசோகை."