சுவரில் சிரித்தவர்

பெரியநாயக்கன்பாளையம் பஸ் ஸ்டாப் சுவரில் திருமூர்த்தி செத்துப்போயிருந்தார்.

'கண்ணீர் அஞ்சலி' என்று கறுப்பு எழுத்து. அதற்குக் கீழே அவருடைய படம். பசைகூட இன்னும் காயவில்லை. படத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டு நின்றவருக்குத்தான் வேர்த்து ஊற்றியது.

உண்மையில் இறந்தது அவருடைய அண்ணன் ஐயாசாமி. நேற்றுச் சாயங்காலம் போனவரை இன்று மத்தியானம் எடுக்கிறார்கள். மாலை வாங்கலாம் என்று கடைத்தெருவுக்கு வந்த இடத்தில் இப்படி.

பேர் அண்ணனுடையது. முகம் தம்பியுடையது.

டீக்கடைக்காரர் அவரைப் பார்த்தார். போஸ்டரைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார். டம்ளர் கீழே விழுந்தது.

"ஏனுங்க... நீங்க..."

"நானேதானுங்க! உசுரோடதான் இருக்கேன்!"

கடைக்காரர் குனிந்து அவர் காலைப் பார்த்தார், தரையில் பாவுகிறதா என்று.

காரில் ஏறினால் வழியெல்லாம் சுவருக்குச் சுவர் அதே சிரிப்பு. ஓரிடத்தில் யாரோ செவ்வந்தி மாலைகூடப் போட்டிருந்தார்கள். சிக்னலில் நின்றபோது ஒரு அம்மா போஸ்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்படியே கார்ப் பக்கம் திரும்பியது. கன்னத்திலேயே கை நின்றுவிட்டது.

செல்போன் அடித்தது. அவருடைய கம்பெனி வாட்ச்மேன் சின்னான்.

"சின்னவருங்களா? உங்கப்பாவுக்கு இங்க ஏழெட்டு மாலை வந்திருக்குதுங்க. எங்க வெக்கறதுங்க?"

"டேய், நான்தாண்டா பேசறேன்!"

"அய்யோ சாமீ!"

அவ்வளவுதான். லைன் செத்துவிட்டது.

அண்ணன் வீட்டில் இருந்த மகன் நிதீஷைக் கூப்பிட்டார்.

"இங்க ஒருத்தரும் வர்லீங்கப்பா. பெரியம்மா வாசலையே பார்த்துட்டு உக்காந்திருக்குது. பெரியப்பாகூட லேத் பட்டறையில வேலை செஞ்சவங்களுக்குத் தகவலே தெரியாதாட்ட இருக்குது."

"போஸ்டர் புரூப் குடும்பக் குரூப்புல வந்துச்சில்ல? நீ பார்க்கல?"

"பார்த்தனுங்கப்பா. எம்பேரு சரியாத்தான் இருந்துச்சு."

கணபதி பகுதியில் போஸ்டர் அடித்த அச்சகத்துக்குள் திருமூர்த்தி நுழைந்தபோது கம்ப்யூட்டர் திரை முழுக்க அவர் முகம்தான். அதன் முன்னால் உட்கார்ந்திருந்த பொற்கொடி திரும்பினாள். நாற்காலியோடு இரண்டடி பின்னால் போனாள்.

"ஏம்மா! உசுரோட இருக்கறவனைக் கொன்னுபோட்டீங்களே! எங்கண்ணன் அங்க அனாதையாட்டக் கிடக்கறாரு! இன்னிக்கே இந்தக் கடையை இழுத்து மூட வெக்கறேன் பாரு!"

பொற்கொடி திரையைக் காட்டினாள்.

"வந்த போட்டோவுல ரெண்டு பேர் இருந்தாங்க சார். ஒருத்தர் ஓரத்துல பாதிதான் தெரிஞ்சாரு. முழுசா இருந்தவரை எடுத்து வெச்சேன். உங்கண்ணனை நான் பார்த்ததில்லீங்க. அதனாலதான் 'படம் இவருதானுங்களா, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க'ன்னு புரூப் அனுப்புனேன். ஓகே வந்த பின்னாடிதானுங்க அடிச்சேன்."

"எந்தக் குருட்டுப்பய ஓகே சொன்னான்?"

"யாருன்னு தெரியாதுங்க. வாய்ஸ் மெசேஜா வந்துச்சு."

"போடு அதை! சத்தமாப் போடு! கடையில இருக்கற அத்தனை பேரும் கேக்கட்டும்!"

பொற்கொடி செல்போனைத் தொட்டாள். மிஷின் ஓட்டுகிறவர்கூட நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்.

சுவரில் சிரித்தவரின் குரல், செல்லுக்குள்ளிருந்து நிதானமாகப் பேசியது:

"அம்மணி, எல்லாம் பார்த்துட்டேன், சுத்தமா இருக்குது. கீழ, தம்பி திருமூர்த்திங்கற இடத்துல மட்டும் 'தொழிலதிபர்'ங்கறதை உட்டுப்போட்டீங்க. அதைக் கொட்டை எழுத்துல சேர்த்து அடிச்சுப்போடுங்க."