மாற்று ஆள்

அவன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தான். ஓவியத்தின் கண்ணாடி. கப்பலில் துடைப்பதற்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

சாப்பாட்டு அறைச் சுவரில் நான்கு திருகாணி போட்டு அதை இறுக்கியிருந்தார்கள். கப்பல் ஆடலாம், படம் ஆடக்கூடாது.

படத்தில், ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தில் யாரோ யாரையோ கடலில் ஜெயித்த மறுநாள் காலை. ஜெயித்த கப்பல்கள் கொடி கட்டிக்கொண்டு கரைக்குப் போகின்றன. பின்னால், பாய்மரம் முறிந்து, பிடிபட்ட கப்பல் ஒன்று நிற்கிறது.

அதன் மேல்தளத்தில் ஒரே ஓர் ஆள். அரிசி அளவு.

தோற்றவன் என்றுதான் முதலில் நினைத்திருந்தான். கேப்டன்தான் சிரித்துக்கொண்டே திருத்தினார். பிடித்த கப்பலை ஆளில்லாமல் விடமுடியாதாம். ஜெயித்தவர்கள் தங்கள் ஆளையே அதில் ஏற்றிவிட்டுப் போவார்களாம்.

அடுத்த வாரம் கேப்டன் நெஞ்சுவலி என்று கரைக்குப் போனார். போகுமுன் ஒரு தாளில் இவனிடம் கையெழுத்து வாங்கினார். வழக்கமான பேப்பர்தான் என்றார். கப்பலின் பொறுப்பாளர் என்று போட்டிருந்தது. பூரித்துப் போய்க் கையெழுத்துப் போட்டான், மடையன். மனைவிக்கு வேறு போன் பண்ணிப் பெருமையடித்துக்கொண்டான்.

இரண்டு வருடம், நான்கு மாதம்.

முதலாளி கப்பலைக் கைகழுவிவிட்டார். நீதிமன்றம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. மற்ற பதினொரு பேரும் ஒவ்வொருவராக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பொறுப்பாளர் மட்டும் வழக்கு முடியும்வரை இறங்கக் கூடாது. வழக்கோ, நங்கூரம் போட்ட கப்பலைவிட அழுத்தமாக அதே இடத்தில் நின்றது.

இறங்க ஒரே வழிதான். இன்னொருவர் அதே தாளில் கையெழுத்துப் போடவேண்டும்.

மகள் பெரியவளானதைப் போனில் பார்த்தான். அம்மாவின் அடக்கத்தையும் போனில்தான். பாதியில் சார்ஜ் போய்விட்டது.

இன்று மதியம் படகு வந்தது.

கப்பல் ஏஜென்ட் அனுப்பிய ஆள் ஏறி வந்தார். மிக்கேல், பெரியதாழைக்காரர், வயது நாற்பது இருக்கும். ஆறு மாதக் காவல் வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவனுக்கு ஊர் வேம்பார் என்றதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பையைப் பிரித்து மக்ரூன் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். தூத்துக்குடி மக்ரூன். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

தாள் மேசைமேல் இருந்தது. பேனாவும்.

என்ன எழுதியிருக்கிறது என்று மிக்கேல் கேட்டார். வழக்கமான பேப்பர்தான் என்றான். சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று உறைத்தது.

மிக்கேல் தாளைக் கையில் எடுத்தார். படித்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. படித்துவிடமாட்டாரா என்றும் இருந்தது.

அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

"எல்லாரும் போறாங்க. இவன் மட்டும் ஏன் அண்ணாச்சி நிக்கான்?"

சொல்லிவிடலாம். அவர் கொடுத்த மக்ரூன் இன்னும் நாக்கில் கரைந்துகொண்டிருந்தது.

"மாத்து ஆள் வருவாங்க," என்றான்.

பொய் இல்லை.

மிக்கேல் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முழுப்பெயரும் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

அவன் நூலேணியில் இறங்கினான். படகு கிளம்பியது. மேலேயிருந்து மிக்கேல், ஊருக்குப் போனதும் மறக்காமல் போன் பண்ணச் சொல்லிக் கத்தினார். இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. வெகுதூரம் வந்த பிறகும் படகோட்டி பதிலுக்குக் கையாட்டிக்கொண்டே இருந்தான்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

படகிலிருந்து பார்த்தால் மிக்கேல் என்ன அளவில் தெரிவார் என்று அவனுக்குத் தெரியும்.