பதினொரு பொத்தான்கள்

இதை எனக்கு முதலில் சொன்னது என் மூத்த மகள் பூங்கோதை, போன தைப்பூசத்தன்று அபிஷேகம் முடியக் காத்திருந்தபோது.

கண் தெரியாத ஒரு பெண்ணின் போனில் ஒரு குரல் இருந்தது. திரையில் எழுதியிருப்பதை அவளுக்குப் படித்துச் சொல்வதே அதன் பிழைப்பு. அன்று அவள் தன் அம்மாவின் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி இணையதளத்தில் நாள் வாங்க வேண்டும். ஐந்து மணிக்குப் பதிவை மூடிவிடுவார்கள்.

விவரமெல்லாம் நிரப்பியாயிற்று, அனுப்புவதுதான் பாக்கி. குரல் படித்தது: "பொத்தான். பொத்தான். பொத்தான்."

"உன் பேர் என்னடி?" என்று ஒரு பொத்தானைக் கேட்டது.

"நெற்றியில் பெரிசாகப் படம் போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"

"தெரியாது. எழுதியிருந்தால்தான் எனக்குப் படிக்க வரும். என்ன படம்?"

"என் நெற்றியை நான் எங்கே பார்த்தேன்? ஆனால் எனக்குப் பேர் உண்டு. போன வாரம் கண் தெரியாதவங்களுக்கு இந்தத் தளம் சரிப்படுமான்னு சோதிக்க வந்தவங்க, 'பேர் இருக்கு'ன்னு டிக் போட்டுட்டே போனாங்க."

"என்ன பேர்?"

"பொத்தான்."

"இங்கே பதினொரு பேருக்கும் அதுதான் பேர், தாயே," என்று அலுத்துக்கொண்டது குரல்.

அந்தப் பெண் குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினாள். நிரப்பியதெல்லாம் அழிந்துபோயிற்று. அவள் யாரையும் திட்டவில்லை. அம்மாவின் பேரை முதல் எழுத்திலிருந்து மறுபடி அடித்தாள். அடுத்து அழுத்திய பொத்தானும் எல்லாவற்றையும் அழித்தது. மூன்றாவது தடவை அடித்துக்கொண்டிருக்கும்போது திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. அதை மட்டும் எழுத்தாகவே எழுதியிருந்தார்கள். குரல் தடுமாறாமல் படித்தது: "நேரம் முடிந்தது."

பிள்ளைக்குப் பேர் வைக்கிறபோது காதில் மூன்று தரம் சொல்வோம் இல்லையா? இணையதளம் செய்கிற வேலையில் இருக்கிறவர் யாராவது இதைக் கேட்டால், அந்தப் பொத்தான்களுக்கும் ஒரு தரம் சொல்லிவிடுங்கள், சாமி.