சனிக்கிழமை கலங்கும் தொட்டி

"இதைவிடப் பெரிய ஃபில்டர் இந்த ஊர்ல கெடைக்குமா, இல்ல மெட்ராஸுக்குத்தான் போவணுமா?"

கேட்டுக்கொண்டே, ஒரு வாளி அளவுக்கு இருந்த ஃபில்டரைக் கண்ணாடி மேஜைமேல் இறக்கி வைத்தார் தசரதன். அதன் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டி மேஜை நனைந்தது.

வேங்கிக்காலில் கலர் மீன் கடை வைத்திருக்கும் அருணாதேவி ஒரு துணியை எடுத்து மேஜையைத் துடைத்தாள். இது அவர் வாங்கிய மூன்றாவது ஃபில்டர். முதலில் காற்று ஊதிக் குமிழி விடுகிற சின்னது. அது போதவில்லை என்று தொட்டி விளிம்பில் தொங்குகிற ஒன்று. அதுவும் சரிப்படவில்லை என்று, தொட்டிக்குக் கீழே தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கும் இந்தப் பெரியது. இதை வைத்தால் குளமே தெளிந்துவிடும் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தாள்.

"மறுபடியும் கலங்குதா சார்?"

"திங்கக்கிழமை பளிச்சுனு இருக்குது. சனிக்கிழமை ஆனா கஞ்சித் தண்ணி. மீனு எங்க கீதுன்னு தேட வேண்டியதா இருக்குது."

தசரதன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மீன்மேல் அவருக்குத் தனியாக ஆசையெல்லாம் கிடையாது. அவர் மனைவி கன்னியம்மாளுக்கு மீன் என்றால் குழம்புதான் தெரியும். தொட்டி மகள் ஓவியாவுடையது. கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூருக்குப் போனபோது அதையும் கூடவே கொண்டுபோகத்தான் நினைத்தாள். மாமியார் வீட்டில் இரண்டு பூனைகள். மீன்கள் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டன.

ஒரே ஒரு தடவை தசரதன் தொட்டியைக் கழுவினார். பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு மினுமினுக்கக் கழுவினார். சாயங்காலமே மீன்கள் எல்லாம் மிதந்தன. புது மீன்களை வாங்கிவிட்ட ஓவியா, அப்பா இனிமேல் தொட்டிப் பக்கமே கை நீட்டக் கூடாது என்று சட்டம் போட்டாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளே பஸ் ஏறி வந்தாள். தொட்டியையும் ஃபில்டரையும் கழுவுவாள், கறிக்குழம்பு சாப்பிடுவாள், அம்மா மடியில் ஒரு தூக்கம் போடுவாள், இருட்டுவதற்குள் போய்விடுவாள்.

பெண் வாராவாரம் வந்து போவது நல்லதுதானே என்று கேட்டாள் அருணாதேவி.

நல்லதில்லை என்று யார் சொன்னது? ஞாயிறு காலையில் கறிக்கடை வாசலில் முதல் ஆளாக நிற்பவரே தசரதன்தான். ஆனால் தை மாசம் ஒரு கல்யாணப் பந்தியில், சம்பந்தியம்மா மணியம்மாள் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். மீன் தொட்டி கழுவக்கூட எங்கள் மருமகள்தான் போக வேண்டியிருக்கிறது என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தசரதனுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த ஃபில்டர் வேட்டை.

"போன பௌர்ணமி ஞாயித்துக்கிழமையில வந்துச்சும்மா. கிரிவலக் கூட்டம், பஸ்ஸுல நிக்க எடமில்ல. பொண்ணு வழி முழுக்க நின்னுக்கினே வந்திருக்குது. எங்க வூட்டு மீனுக்காக எம் பொண்ணு அங்க பேச்சு வாங்கக் கூடாது. தண்ணி கலங்கலன்னா அது ஏன் வரப்போவுது? நல்லதா ஒண்ணு குடுங்க."

தசரதன் சுவரோரத் தொட்டியில் இருந்த மீனைப் பார்க்கிறவர்போலத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அருணாதேவி மோட்டாரை ஓட்டிப் பார்த்தாள். அது சமர்த்தாக ஓடியது. இதே ஃபில்டரை வாங்கிய வேறு யாரும் குறை சொன்னதில்லை. உள்ளே திறந்து பார்த்தீர்களா என்று கேட்டாள்.

"நானா? தொட்டா எம் பொண்ணு கைய ஒடச்சிடும். இன்னிக்கு இதக் கழட்டிக்கினு வந்ததே வூட்ல தெரியாமத்தான்."

அவள் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தட்டுகள். மேல் தட்டில் வெள்ளைப் பஞ்சு இருக்க வேண்டும். காலி. நடுத் தட்டில் ஸ்பாஞ்சு இருக்க வேண்டும். அதுவும் காலி. அடித்தட்டில் மட்டும், தண்ணீர் கெடாமல் காக்கும் பீங்கான் வளையங்கள் கிடந்தன.

"தண்ணிய இழுத்து அப்படியே வெளிய வுட்டுக்கினு இருந்திருக்குது சார். அழுக்கப் புடிக்க உள்ள ஒண்ணுமே இல்லயே."

வாங்கிய அன்றைக்கு மூன்றும் இருந்ததை தசரதனே பார்த்திருக்கிறார். கோபம் தலைக்கேற மனைவிக்குப் போன் போட்டார். பஞ்சும் ஸ்பாஞ்சும் எங்கே போயின என்று அதட்டினார். அந்தப் பக்கம் குக்கர் சத்தத்துக்கு நடுவே கன்னியம்மாளின் பதில் வந்தது.

"ஸ்பாஞ்சு அரிசி டப்பாவுக்குப் பின்னால இருக்குது. நான்தான் எடுத்தேன். தண்ணி சுத்தமாவே இருந்துட்டா, எம் பொண்ணு என்னத்தச் சொல்லிக்கினு இங்க வரும்?"

தசரதன் பஞ்சையும் அவள்தான் எடுத்தாளா என்று மெதுவாகக் கேட்டார்.

"அத நான் தொடலீங்க. நான் தொறந்தப்பவே மேல் தட்டு காலியாத்தான் இருந்துது."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். அந்த ஃபில்டரைத் திறக்கிற கை வீட்டில் இன்னும் ஒன்றே ஒன்றுதான். கிரிவலக் கூட்டத்தில் நின்றுகொண்டே வந்தவளின் கை.

அதற்குள் அருணாதேவி அலமாரியிலிருந்து புதுப் பஞ்சையும் ஸ்பாஞ்சையும் எடுத்து வந்து நின்றாள். தசரதன் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடித்தட்டில் கையை விட்டு, மிச்சமிருந்த பீங்கான் வளையங்களை வழித்தெடுத்து மேஜைமேல் கொட்டினார்.

"இதயும் நீங்களே வெச்சிக்கங்கம்மா. சம்பந்தியம்மா சொன்னா சொல்லிட்டுப் போவட்டும். சீக்கிரமா மூடியப் போட்டுக் குடுங்க, நாளைக்கு ஞாயித்துக்கிழமை."