ஜன்னத்தின் கைகள்

“பள்ளிக்கூடத்த விட்டுட்டு நிக்கிறவதானே நீ, சொல்லு புள்ள, எம்மவள அனுப்பவா?” என்று அடுத்த வீட்டு கமருன்னிசா லாத்தா என்னைக் கேட்கிறாள். அவள் மகள் ஜன்னத்துக்குக் காது கேட்காது. செவிடர் பள்ளிக்கு அழைத்துப்போக மதராஸிலிருந்து வந்த கன்னியாஸ்திரீ, முற்றத்து வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி உட்கார்ந்திருக்கிறார். ஜன்னத் காதோரம் விரலைத் தொங்கவிட்டு லாத்தாவின் காதில் தொங்கும் அலுக்கத்தைப் போல ஆட்டுகிறாள். “உம்மாவாம், நாந்தான்” என்று லாத்தா சிரிக்கிறாள். “அங்க சைகை கூடாதும்மா, கையைக் கட்டிக்கிட்டுத்தான் உக்காரணும். பேச்சு மெதுவா வரும்” என்கிறார் கன்னியாஸ்திரீ. “வர்ற வரைக்கும் என்னைய எப்படிங்க கூப்புடும்?” அவர் சிலுவையைத் தடவுகிறார். லாத்தா மகளின் கைகளை முந்தானைக்குள் பொத்திக்கொள்கிறாள். “வேணாங்க. இங்கயே கெடக்கட்டும்.” எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய நாள்முதல் அலைந்து அந்தப் பள்ளியில் இடம் வாங்கிய ஜன்னத்தின் வாப்பா, திண்ணையிலிருந்து எழுந்து, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியேறுகிறார்.