கீழ் வீட்டு யானைக்காது

மாடி வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் கீழ் வீட்டுப் பால்கனியை எட்டிப் பார்த்தாலே வயிறு எரியும். அங்கே நர்ஸம்மாவின் யானைக்காதுச் செடி முறம் முறமாக இலை விட்டுத் தளதளவென்று நிற்கும். அதே நாளில், அதே கடையில் வாங்கிய இவளுடைய செடியோ, அதற்கு நேர் மேலே மாடிப் பால்கனி விளிம்பில், மொட்டை வெயிலில் ஓரம் கருகி, உள்ளங்கை அகலத்தைத் தாண்டவில்லை.

இத்தனைக்கும் காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி தண்ணீர். வாரம் தவறாமல் எருக் கரைசல்.

"ஏதோ மருந்து போடுறா, வாயைத் திறக்க மாட்டேங்குறா," என்று கணவரிடம் பொருமினாள்.

ஒரு நாள் நர்ஸம்மாவே படியேறி வந்தாள்.

"அக்கா, பத்து நாள் நான் ஊர்ல இருக்க மாட்டேன். என் செடியைக் கொஞ்சம் பார்த்துக்கிறீங்களா?"

தையல்காரம்மாவுக்கு உள்ளே குளுகுளுவென்றது. இந்த வெயிலில் பத்து நாள் தண்ணீர் காட்டாவிட்டால் அந்தச் செடியின் கதை முடிந்தது!

"அதுக்கென்ன, தாராளமா! வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போ."

"சாவி எதுக்குக்கா? நீங்க வழக்கம்போல உங்க செடிக்கு ஊத்துங்க, போதும். நான் இதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினதில்ல. நீங்க ஊத்துற தண்ணியும் எருவும் வழிஞ்சு, நேரா என் தொட்டியிலதான் விழுது!"